ஸ்டோர் ரூமில் எரியும் பச்சை விளக்கு

அனுப்புநர்:
தங்கள் அலுவலகப் பதிவில் 'பயனாளியின் காப்பாளர்' என்று எழுதப்பட்டவள் (பெற்ற தாய்),
விரிப்பு மடிக்கும் தொழிலாளி, மருத்துவமனைச் சலவைக்கூடம்.
வீடு: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வரிசை வீடுகளில் கடைசி.

பெறுநர்:
உயர்திரு நல அலுவலர் அவர்கள்,
பேச்சுக் குறையுள்ளோர் நல அலுவலகம்,
இரண்டாம் மாடி (மின்தூக்கி பழுது).

பொருள்: இறந்துபோன என் மகளிடமிருந்து திரும்பப் பெற்ற பேசும் கருவியில் உள்ளவற்றை அழிப்பதற்கு முன், அதில் பாதியில் நிற்கும் அவளுடைய வாக்கியத்தை அனுப்பித் தருமாறு கேட்பது தொடர்பாக.

பார்வை: 1. என் முதல் மனு. பதில் வரவில்லை. 2. என் இரண்டாவது மனு. 'முதல் மனுவைப் பார்க்கவும்' என்று பதில் வந்தது.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

இரண்டு முறை வந்தும் தங்கள் மேசைமேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மட்டுமே பார்க்கக் கொடுத்துவைத்தது. எனவே ஐயாவா அம்மாவா என்று தெரியாமல் எழுதுகிறேன். மன்னிக்கவும்.

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதிப் பழக்கம் இல்லாமல் இருந்தது. தங்கள் அலுவலகத்தின் புண்ணியத்தில் இப்போது பழகிவிட்டது. இதில் இருந்த எழுத்துப் பிழைகளை என் மகளின் தோழி திருத்திவிட்டாள். வேறு பிழை இருந்தால் அது என்னுடையது.

2. என் மகளுக்கு வயது பத்தொன்பது. பிறவியிலேயே கைகால் அவள் பேச்சைக் கேட்காது, வாய்ப்பேச்சும் வராது. காது நன்றாகக் கேட்கும், புத்தி நன்றாக ஓடும். பேச்சு இல்லையே தவிர வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை. வலது கட்டைவிரல் முட்டி ஒன்றுதான் அவள் நினைத்த இடத்துக்குப் போகும். அதுவும் யாராவது அவசரப்படுத்தினால் போகாது. அந்த முட்டியால் எழுத்தைத் தட்டினால் வாய்விட்டுப் படிக்கிற கருவி ஒன்றைத் தங்கள் அலுவலகம் கொடுத்தது. அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். இதில் கிண்டல் எதுவும் இல்லை.

3. கருவி ஒரு நடுத்தர வயது ஆணின் குரலோடு வந்தது. செய்தி வாசிக்கிறவர் போல நிறுத்தி நிதானமாகப் பேசுவார். என் மகள் பிறந்ததிலிருந்து முதன்முதலாக என்னை 'அம்மா' என்று கூப்பிட்டது அவர் குரலில்தான். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பெண் குரல் கேட்டு விண்ணப்பித்தோம். நெடுநாள் கழித்து அனுமதி வந்தபோது அவள் மறுத்துவிட்டாள். "இந்த மாமா பழகிட்டார், இருக்கட்டும். பஸ்ல நான் பேசினா எல்லாரும் மரியாதையா திரும்பிப் பாக்கறாங்க" என்று எழுதினாள். பிறகு அந்த மாமா எங்கள் வீட்டில் ஓர் ஆளாகிவிட்டார். என் சமையலைக் குறை சொல்ல வீட்டுக்குள் ஓர் ஆண்பிள்ளை இல்லாத குறை அன்றோடு தீர்ந்தது.

4. கருவி கிடைத்ததும் இணைய இணைப்புக் கேட்டோம். திட்டத்தில் அது வராது என்று பதில் கிடைத்தது. பேச வழி செய்து தரலாம், பேசுவதற்கு ஆள் செய்து தர ஒதுக்கீடு இல்லை போலிருக்கிறது. என் கைப்பேசியிலிருந்து இணைப்பு கொடுத்துவிட்டு, கைப்பேசியை அவளிடமே விட்டு வேலைக்குப் போவேன். சலவைக்கூடத்தில் ஆவியின் இரைச்சலுக்கு நடுவே யார் கூப்பிட்டும் எனக்குக் கேட்கப்போவதில்லை.

5. முதலில் ஊரே இருக்கிற பெரிய வலைத்தளம் ஒன்றில் சேர்ந்தாள். ஒரு வாக்கியம் எழுதவே நேரம் பிடிக்கும் என்பதால், 'வணக்கம். நான் மெதுவாக எழுதுவேன். கொஞ்சம் பொறுங்கள்' என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, பேச வருகிற எல்லோருக்கும் அதை அனுப்புவாள். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியதால் அவள் மனுஷி இல்லை, இயந்திரம் என்று முடிவுகட்டிக் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். மனுஷிதான் என்று நிரூபிக்க, திரையில் வருகிற வாக்கியத்தைச் சொந்தக் குரலில் உரக்கப் படிக்க வேண்டுமாம். மாமாவைப் படிக்க வைத்தாள். 'இது மனிதக் குரல் அல்ல' என்று வந்தது. நான் அழுதேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு எழுதியது: "சரியாத்தாம்மா சொல்றாங்க. பாதி மெஷின்தானே நான். மீதிப் பாதிக்காவது கணக்கைத் திறக்கச் சொல்லு."

6. அடுத்து எங்கள் உறவுக்காரர்களின் குழு. அங்கே ஒரு நாள் அவளுடைய சித்தப்பா மகள் பூனைக்குட்டிகளின் படம் போட்டாள். இவள் அதற்குப் பதில் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்து அனுப்புவதற்குள் வேறொரு செய்தி வந்து உட்கார்ந்துவிட்டது. அவளுடைய பெரியப்பா காலமாகிவிட்டார் என்ற செய்தி. அதற்கு நேர் கீழே என் மகளின் பதில் போய் விழுந்தது: 'சூப்பர். எங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணும்.' அன்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை இங்கே எழுத மரியாதை இடம் கொடுக்கவில்லை. துக்கம் கேட்கப் போன இடத்தில் பெரியம்மா என்னைப் பார்த்து, "உன் பொண்ணுக்கு ஒண்ணு வேணுமாமே, எதும்மா, சாவா?" என்று கேட்டார். நான் பூனை என்றேன். யாரும் நம்பவில்லை. சித்தப்பா அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அவள் நல்லதுக்குத்தான் என்று சொன்னார்.

7. இதற்குப் பிறகுதான் தன்னைப் போன்றவர்களின் குழு ஒன்றைக் கண்டுபிடித்தாள். பேச்சு வராதவர்கள், குழறுகிறவர்கள், திக்குகிறவர்கள், விபத்தில் சொற்களைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்கள். எல்லோரும் இளம் பிள்ளைகள், பல ஊர்க்காரர்கள். குழுவுக்கு 'மெதுவாகச் செல்லவும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் பேசுவது இவர்களைப் போன்றவர்களுக்கென்றே செய்த செயலி ஒன்றில். அதில் ஒருவர் எழுத ஆரம்பித்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். மற்ற இடங்களில் கை நின்றால் விளக்கும் நின்றுவிடுமாம். இதில் அப்படி இல்லை. வாக்கியத்தை அனுப்பும் வரை, அல்லது எழுதியவரே அழிக்கும் வரை, எவ்வளவு நேரமானாலும் எரியும். ஒருவருடைய விளக்கு எரியும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். நான் பார்த்த சட்டங்களில் ஆள் நிறுத்திக் காவல் காக்காமலே நடந்த சட்டம் அது ஒன்றுதான்.

8. அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர். என் மகளுக்கு 'கூட்ஸ்'. சரக்கு ரயில் மாதிரி மெதுவாக வரும், நீளமாக வரும், முடிகிற மாதிரி இருக்கும், இன்னும் நாலு பெட்டி வரும். அவள் விளக்கு எரிந்தால், எரிவதற்கு முன்பே தயாராக வைத்திருந்த மாதிரி, யாராவது ஒருவர் கடைசியாக எழுதிவிடுவார்: "கூட்ஸ் வருது. கேட் போட்டாச்சு. எல்லாரும் வண்டிய ஆஃப் பண்ணுங்கப்பா." பிறகு அமைதி. அவர்களுக்குள் சண்டையும் உண்டு. காலையில் கோபப்பட்டால் மாலையில்தான் பதில் போய்ச் சேரும். அதற்குள் இவளுக்குக் கோபம் ஆறியிருக்கும். ஆனாலும் கஷ்டப்பட்டு எழுதியதை வீணாக்குவானேன் என்று அனுப்பிவிடுவாள்.

9. ஒன்றைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மனு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. வாக்கியம் வராமல் விளக்கு மட்டும் அணைந்தால் அந்தக் குழுவில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்று அர்த்தம். இந்தப் பிள்ளைகள் வெளியில் நாள் முழுக்கச் சொல்வது அதைத்தான். கடையில் தங்களுக்குப் பின்னால் வரிசை நீளும்போது, டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது, சொந்த மாமன் 'சரி சரி, புரிஞ்சுது' என்று எழுந்துவிடும்போது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, ஒன்றுமில்லை என்று தலையாட்டுவார்கள். என் மகளும் எத்தனையோ தடவை ஆட்டியிருக்கிறாள், என்னிடமும். அந்தக் குழுவில் மட்டும் அவள் ஒருநாளும் 'விடுங்க' சொன்னதில்லை. அது அவளுக்குப் பெருமை. படிப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள் சொல்லிக்கொள்கிற மாதிரி சொல்லிக்கொள்வாள்.

10. அவள் கடைசியாகப் பேசிய அன்று, எல்லோரும் ஒரு நாள் நேரில் சந்திப்பது பற்றிக் குழுவில் பேச்சு நடந்திருக்கிறது. கூட்ஸுக்கு வர பயம் என்று யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து மாமா, அவள் தட்டத் தட்ட, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்: "இல்லை. நான். சொல்ல. வந்தது." அதோடு நின்றது. நிற்பது வழக்கம்தான். அடுத்த எழுத்துக்கு முட்டி போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அவசரப்படுத்தக் கூடாது என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. தாளித்துக் கொட்டிவிட்டு வந்து பார்த்தால் உதடு நீலமாக இருந்தது. சில நாளாகவே நெஞ்சில் சளி. நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே கொண்டுபோனேன். அங்கேயே போய்விட்டாள். அவளைப் போர்த்தியிருந்த விரிப்பின் மடிப்பு என் கை மடிப்பு மாதிரிதான் இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து மேசைக்காரியும் அப்படித்தான் மடிப்பாள்.

11. பயனாளி இறந்தால் கருவியைத் திருப்பித் தர வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. பயனாளி நேரில் வந்து ஒப்படைக்கவும் என்று செய்தி வந்தது. பயனாளி வரும் நிலையில் இல்லை என்பதால் காப்பாளர் வந்தேன். தலையணை உறையில் சுற்றி, மின்னேற்றியோடு, ஒரு கீறல் இல்லாமல் கொடுத்தேன். ஸ்டோர் கீப்பர் நல்ல மனிதர். "அணைச்சிடவாங்க?" என்று நான் கேட்டதற்கு, "வேணாம்மா, எல்லா மெஷினும் சார்ஜ்ல, ஆன்ல, இணைப்போட இருக்கணும்னு சுற்றறிக்கை" என்றார். இரும்பு அலமாரியின் மூன்றாவது தட்டில் வைத்து மின்னேற்றியைச் செருகினார். அவள் உயிரோடு இருந்தபோது வராத இணைப்பு, போன பிறகு இலவசமாக, தடையில்லாமல் வந்துவிட்டது. சுற்றறிக்கை போட்டவர் நன்றாக இருக்கட்டும்.

12. அதனால் என்ன ஆனது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மாலை, சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற ஒரு பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். குழுவில் இவளுக்கு 'இடைவேளை' என்று பெயர். திக்குவாய். பேசும்போது எங்காவது நின்றால் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. "கூ... கூட்ஸ் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்மா. இ... இவ்ளோ நேரம் எரிஞ்சதே இல்ல" என்றாள். அப்புறம் சுவரில் இருந்த படத்தையும் அதற்கு மாட்டிய மாலையையும் பார்த்தாள். அவளுக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

13. இடைவேளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிச் செய்தியைச் சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் தெரியும். அழுது முடித்தார்கள். ஆனால் குழுவில் இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏனென்றால் விளக்கு எரிகிறது. ஏம்மா, அவதான் போயிட்டாளே, நீங்க பேசுங்களேன் என்று நானே சொன்னேன். இடைவேளை சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், திக்கலை மட்டும் விட்டுவிட்டு: "பேசலாம்மா. ஆனா அவ பேசிட்டிருக்கும்போது குறுக்க பேசின மாதிரி ஆயிடும். எங்களுக்கு ஊரே குறுக்க பேசுது. நாங்களும் பேசினா அப்புறம் அந்தக் குழு எதுக்கு?" படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற தெருமுனை அது ஒன்றுதான், ஐயா. இப்போது அங்கேயும் நின்று பேசாமல் வீட்டுக்குள் வாய் மூடிக் கிடக்கிறார்கள்.

14. அடுத்த மாத விழாவில் கொடுப்பதற்காக அலமாரியில் உள்ள கருவிகளை எல்லாம் துடைத்துப் புதிதாக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். செய்ய வேண்டியதுதான். எத்தனையோ பிள்ளைகள் காத்திருக்கும். ஆனால் துடைத்தால் அந்தச் சொற்கள் போய்விடும். அந்த வாக்கியம் கருவிக்குள் மட்டும்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லையாம். விளக்கு அணையும். என் மகள் 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்று சொன்னதாக ஆகிவிடும். அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது, இல்லை என்று.

15. இதை விளக்கத்தான் இடைவேளையையும் கூட்டிக்கொண்டு தங்கள் அலுவலகம் வந்தேன். கேட்டை மறித்து உட்கார்ந்திருந்தவரிடம் அவள் "மெ... மெ..." என்று ஆரம்பித்தாள். மெஷினை என்று சொல்லி முடிப்பதற்குள் அவர், "மெடிக்கல் சர்ட்டிபிகேட்டா? கீழ் மாடி" என்றார். மறுபடி ஆரம்பித்தாள். "மெம்பர்ஷிப்பா? பதினோரு மணிக்கு மேல வாங்க." மூன்றாவது முறை அவர் யோசித்துப் பார்த்து, "மெதுவா போய் உக்காரும்மா" என்று இரக்கத்தோடு பெஞ்சைக் காட்டினார். பேச்சுக் குறையுள்ளோர் நல அலுவலகத்தில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் மூன்று பதில் கிடைக்கும் வேகத்தைப் பார்த்து நாங்கள் வியந்தோம்.

16. கடைசியில் உள்ளே இருந்த கண்காணிப்பாளர் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, முடியாது என்றார். காரணம் அந்தரங்கமாம். பயனாளியின் கருவியிலிருந்து பயனாளியைத் தவிர வேறு யாரும் செய்தி அனுப்பக் கூடாது, அது அவருடைய உரிமை, இறந்தாலும் உரிமை உரிமைதான் என்று சொன்னார். கேட்கப் பெருமையாக இருந்தது. என் மகளுக்கு இவ்வளவு உரிமை இருந்தது அவளுக்கே தெரியாது. அப்படியானால் அழிப்பதற்கு என்று கேட்டேன். "அது நடைமுறைம்மா, அதுக்கு யார் அனுமதியும் வேணாம்" என்றார். எனக்குப் புரிந்த வரையில்: அவள் பேச்சை அனுப்ப அவள் அனுமதி வேண்டும், அழிக்க ஒருவர் அனுமதியும் வேண்டாம். நான் படிக்காதவள். தவறாகப் புரிந்திருந்தால் திருத்தவும்.

17. வெளியே வந்தபோது ஸ்டோர் கீப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன்னால் ஆன உதவி செய்கிறேன் என்றார். "பாதியில விட்டா நல்லாருக்காதும்மா. நானே 'நான் சொல்ல வந்தது, அனைவருக்கும் நன்றி, வணக்கம்'னு அழகா முடிச்சு யாருக்கும் தெரியாம அனுப்பிடறேன்." நல்ல மனதோடு சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. இடைவேளைதான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில், கடையில், பள்ளிக்கூடத்தில், பிறந்த வீட்டிலும்கூட, வாய் திறந்தால் மீதியை யாராவது முடித்துக் கொடுத்துவிடுகிற பிள்ளைகள் இவர்கள்.

18. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது. பெற்றவள், ஊகிக்கலாம். பத்தொன்பது வருஷமும் ஊகித்துத்தான் வளர்த்தேன். பாதி நேரம் தப்பு. தாகம் என்றால் போர்வை போர்த்துவேன், வலி என்றால் சோறு ஊட்டுவேன். அவள் முறைப்பாள். நான் வேறொன்று ஊகிப்பேன். கருவி வந்த பிறகுதான், நான் ஊகித்ததில் எத்தனை தப்பு என்று மாமா வாயால் தெரிந்துகொண்டேன். வருவதற்குப் பயமில்லை என்று சொல்ல வந்தாளோ, பயம்தான், ஆனாலும் வருவேன் என்றாளோ, அல்லது வழக்கம்போல ஏதாவது வம்போ. அது அவளிடம் இருக்கட்டும்.

19. ஆகவே தங்களை நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம். கருவியைத் துடைக்கும் முன் தாங்களோ தாங்கள் சொல்லும் ஆளோ அதில் உள்ள 'அனுப்பு' என்ற பொத்தானை ஒரு முறை தொட வேண்டும். நானே வந்து தொடலாம் என்றால் வேலைக்கு விடுப்புப் போட்டு வருகிறேன். ஒரு சொல் சேர்க்க வேண்டாம். கடைசியில் புள்ளி வைக்க வேண்டாம். இரங்கல் எழுத வேண்டாம். அலுவலகத்தின் பெயரைப் போட வேண்டாம். இருக்கிற சொற்கள் இருக்கிறபடி போகட்டும். அதன் பிறகு கருவியைச் சுத்தமாகத் துடைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். நான் ஆட்சேபிக்க மாட்டேன். அந்தப் பிள்ளை நிறையப் பேசட்டும்.

20. இது போய்ச் சேர்ந்த நிமிடம் அந்தக் குழந்தைகள் பேச ஆரம்பிப்பார்கள். என் மகளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதைப் பற்றியாவது பேசட்டும். தாங்கள் கையெழுத்துப் போட எடுத்துக்கொள்ளும் நேரம் வரைக்கும் அவர்கள் பொறுப்பார்கள். அந்த விஷயத்தில் அவர்களை மிஞ்ச தங்கள் அலுவலகத்தாலும் முடியாது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா, மின்விசிறிக்குக் கீழுள்ள பெஞ்சு.
நாள்: மனு வாங்கும் திங்கட்கிழமை.

இணைப்பு: என் மகள் இறந்ததற்கான சான்றிதழ், நகல் ஒன்று. அவள் பேசியதற்கான சான்று தங்களிடம்தான் இருக்கிறது, அசல்.